பென்ஷன் எண் வரும் மரம்

கொல்லிமலை செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கிய சென்றாயன் தோளில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. டீக்கடை வாசலில் டம்ளரும் கையுமாக நின்ற தம்பி குப்புசாமியைப் பார்த்ததும் நேரே போய் விட்டான் ஒரு அறை. டம்ளர் ஒரு பக்கம், டீ ஒரு பக்கம் பறந்தது. அடுத்த அறையில் குப்புசாமியின் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. சந்தை நாள் வேறு. மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை முதுகில் வைத்தபடியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒரு வருசமாக் கணக்கு முடங்கிக் கெடக்குது. வரி ஆபீஸ்லருந்து நோட்டீஸ் மேல நோட்டீஸ். ஒரு சிம் கார்டை எடுத்து வெக்கத் துப்பில்லையாடா உனக்கு?"

குப்புசாமி திருப்பி அடிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சிம்மு எங்கயும் போகலீங்ணா. அந்த மரத்துலதான் இருக்குது. அத்தாயி வெச்ச எடத்துலயே. வாங்க, எடுத்துக்கலாம்."

அறை வாங்கியவன் இத்தனை தணிவாகப் பேசினால் புத்தியுள்ளவன் கொஞ்சம் யோசிப்பான். சென்றாயனுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. மார்ச் மாதம் முடியப்போகிறது. முடிவதற்குள் பென்ஷன் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும், வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஒரு கவலையோடுதான் தான்சானியாவிலிருந்து விமானம் ஏறியிருந்தான்.

அங்கே அவனுக்கு ரிக் வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போட நாமக்கல் பக்கத்து வண்டிகள் ஆப்பிரிக்காவரை போகின்றன. கூடவே ஆட்களும் போகிறார்கள். ஒன்பது வருடமாகக் கல் தூளைத் தின்று சம்பாதித்தவன் சென்றாயன். கூட வேலை பார்த்த திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் மேல் இரும்புக் குழாய் சரிந்து இடுப்பு போயிற்று. விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்த மனுஷர் பீடிக்காக மருமகளிடம் கை நீட்டி நிற்பதை லீவில் வந்தபோது கண்ணால் பார்த்தான். பார்த்த அன்றே ஒரு பென்ஷன் கணக்கைத் தொடங்கினான். தப்பில்லை. யாருக்குத்தான் கிழவனாவதில் பயமில்லை?

பணம் கட்டுவதற்கும், பேங்கு வட்டியில் பிடித்த வரியைத் திரும்பக் கேட்பதற்கும், நிலவரி வீட்டுவரி கட்டுவதற்கும் அவன் அங்கிருந்தே போனைத் தட்டினால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊர் நம்பருக்கு ஓடிபி வரும். சிம்மை அங்கே கொண்டுபோய்ப் பார்த்தான், அந்தக் காட்டுக்குள் எடுபடவில்லை. சரியென்று தம்பி வீட்டில் விட்டுப் போனான். அந்த சிம்மும் அவன் பேரில் வாங்கியது இல்லை. வாங்கப் போன அன்றைக்குக் கையில் ஆதார் அட்டை வைத்திருந்தது தம்பி பெண்டாட்டி அத்தாயிதான். அவள் பேரில் வாங்கியாயிற்று. யார் சிம் யார் பேரில் இருக்கிறது என்று இந்த மலையில் எவர் பார்க்கிறார்கள்?

குப்புசாமியின் சரிவுத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்களில் ஒன்று மட்டும் மேட்டு விளிம்பில் நிற்கிறது. அதன் உச்சிக்குப் போனால் நாலு கோடும் நிற்கும். வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்றை அங்கே ஆணியடித்துப் போன் வைக்கத் தோதாகப் பண்ணியிருந்தான் குப்புசாமி. முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் ஏணி போட்டு ஏறுவான். ஸ்பீக்கரில் அண்ணன் பேசுவான். எண் வரும். இவன் படித்துச் சொல்வான். ஆப்பிரிக்காவில் ஒருவனுடைய பென்ஷன் கொல்லிமலை மரத்து உச்சியில் ஒருவன் தொங்கியதால் வளர்ந்தது.

போன மார்ச்சில் ஏறியது அத்தாயி. விழுந்து செத்தாள்.

பைக்கில் இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட சென்றாயன் உட்காரவில்லை. குப்புசாமி ஏணியைத் தோளில் தூக்கி, கொடுவாளை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். மலைக்காரன் இடுப்பில் கொடுவாள் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சென்றாயனும் எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற மரங்களிலெல்லாம் அறுப்பு முடிந்திருந்தது. இந்த ஒன்றில் மட்டும் கைபடவில்லை. போன வருடத்து மிளகு கொடியிலேயே கறுத்துக் காய்ந்து, உதிர்ந்து, வேரடியில் முளைத்துக்கூட இருந்தது.

"இதை ஏன்டா பறிக்காம உட்டே? கிலோ என்ன வெல போகுதுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்ணா," என்று சொல்லி ஏணியைச் சாத்தினான் குப்புசாமி.

அது ஒற்றை மூங்கில் ஏணி. கணுவில் விட்ட கட்டைகள்தான் படி. ஒரு கால் வைக்கத்தான் இடம். அடியில் ஒருவர் பிடிக்காவிட்டால் அப்படியே சுழன்றுவிடும். அதனால் மலையில் ஒரு கட்டு உண்டு. அடியில் நிற்பவர் "புடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் யாரும் முதல் கட்டையில் கால் வைக்கமாட்டார்கள். சொன்னபின் மேலே இருப்பவர் இறங்கும்வரை பிடித்தவர் கையை எடுக்கக்கூடாது. தேனீ கொட்டினாலும் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அறுப்புக் காலத்தில் ஒருவருக்கொருவர் ஏணி பிடிப்பார்கள்.

குப்புசாமி இரண்டு கையாலும் மூங்கிலை அணைத்தான். "புடிச்சிருக்கேன். ஏறுங்ணா."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவில் வாயைக் கிழித்துவிட்டு, அதே ஆள் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஏறினான் சென்றாயன். கீழே சமவெளிக்காரனாக இருந்தால் ஏறியிருக்கமாட்டான்.

பாதி உயரம் தாண்டியதும் காற்று வந்து மரம் ஆடியது. பூட்ஸ் கால் கட்டையில் வழுக்கியது. அவனுக்கு அவள் குரல் கேட்டது. கேட்கவேண்டாம் என்று ஒரு வருடமாக அமுக்கி வைத்திருந்த குரல்.

"மாமா, புடிக்க ஆளில்லாம ஏறிட்டேனுங்க. அவரு காய்ச்சல்னு ராசிபுரம் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. பக்கத்து ஊட்டுப் பாப்பாயி அக்காளும் இல்லீங்க. மழை புடிச்சிருச்சு. இறங்கட்டுங்களா?"

"இரு. மொதல்ல வந்த நம்பர் செல்லாமப் போச்சு. இன்னொண்ணு வருது."

"மரம் ஆடுதுங்க மாமா. பயமா இருக்குது."

"நில்லுன்னா நில்லு. இன்னைக்குக் கட்டலீன்னா கணக்கே போயிரும்."

நின்றாள். எண் வந்தது. "ஏழு... மூணு... பூச்சியம்..." என்று படித்தாள். அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் வெறும் மழை. சென்றாயன் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, ஒரு நம்பரைப் படிக்கத் தெரியாத முண்டம் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தான். சாவுச் செய்தி வந்ததும் முதலில் ரிக்கை நிறுத்தினான். அடுத்ததாக மூளை வேலை செய்தது. தம்பியைக் கூப்பிட்டு, "போலீஸ் கேட்டா மிளகு பறிக்க ஏறினான்னு சொல்லு. எம் பேரு, பென்ஷன், நம்பர் ஒண்ணும் வரவேண்டாம். பாஸ்போர்ட்டுல வில்லங்கம் ஆயிரும்" என்றான். பொண்டாட்டி பிணத்தை வைத்துக்கொண்டு நின்றவன் சொன்னபடியே சொன்னான். சென்றாயன் இழவுக்கும் வரவில்லை.

உச்சியில் பாட்டில் அப்படியே இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன். அதன்மேல் எறும்பு கூடு கட்டியிருந்தது. போன் செத்திருந்தாலும் சிம் பளபளவென்று இருந்தது. நகத்தால் அதை எடுத்தான். சட்டைப் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொண்டான்.

"எடுத்துட்டேன். நல்லாப் புடி, இறங்கறேன்."

"இறங்காதீங்ணா."

குனிந்து பார்த்தான். குப்புசாமியின் கைகள் ஏணியில் இல்லை. ஒரு கையில் கொடுவாள் இருந்தது.

"டேய், வெளையாடற எடமாடா இது? புடிடா!"

"மாசாமாசம் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணினேனுங்ணா. உங்களுக்காக இல்லீங்க. அவ பேர்ல இருக்கற சாமான் அது ஒண்ணுதான். அவ கடைசியாப் பேசினது உங்ககிட்ட. என்ன பேசினா? அதைச் சொல்லிட்டு இறங்குங்க."

"அதான் அன்னைக்கே சொன்னேன். சிக்னல் இல்லை. ஒண்ணும் கேக்கலை."

குப்புசாமி ஓங்கி வெட்டினான். மூங்கிலின் அடிக்கணுவில் விழுந்த வெட்டு உச்சிவரை அதிர்ந்து சென்றாயனின் பல்லில் வந்து இறங்கியது. கொடியையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கொடி வேர்கள் கன்னத்தைக் கிழித்தன.

"பொய் சொல்றீங்ணா. பத்து நிமிசம் பேசியிருக்கறீங்க. போன் கம்பெனி ஆபீஸ்ல போயி அழுது கேட்டேன். பத்து நிமிசம் என்ன பேசுனா எம் பொண்டாட்டி?"

இரண்டாம் வெட்டு. வெட்டும்போதும் அண்ணனுக்குக் கொடுக்கிற மரியாதையில் ஒரு எழுத்து குறையவில்லை. அதைக் கேட்டுத்தான் சென்றாயன் மரத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அது கோபம், ஆறிவிடும். இது ஒரு வருடமாக உட்கார்ந்து யோசித்த பேச்சு.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச் சொல்தான். ஆனால் ஒன்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்குத் தம்பிக்குப் பயந்து வாய் திறக்க மானம் விடவில்லை. "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா" என்று கத்திக்கொண்டு, மரத்தை ஒரு கையால் அணைத்தபடி, ஆடும் ஏணியில் சரசரவென்று இறங்கினான். ஆள் எட்டும் தூரம் வந்ததும் பூட்ஸ் காலால் தம்பி முகத்தில் ஒரு உதை விட்டான். மூக்கெலும்பு உடைகிற சத்தம் பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரிக் கேட்டது. குப்புசாமி மல்லாந்து விழுந்து, அதே வேகத்தில் எழுந்து, ரத்தம் மறைத்த கண்ணோடு கொடுவாளை வீசினான். சென்றாயனின் கெண்டைக்காலில் அது பாய்ந்து எலும்பில் தட்டி நின்றது. உருவியபோது சதையும் கூடவே வந்தது.

வலியில் அவன் கையை விட்டான். ஏணி சுழன்றது. கொடியைத் தாவிப் பிடித்தான். வருடக்கணக்காக ஏறிய கொடி, மரத்தோலோடு உரிந்துகொண்டு வந்தது. கறுத்த மிளகு மழையாகக் கொட்ட, அவன் அதற்கு நடுவில் இறங்கினான். மரத்தின் வேர்மேல் அவன் தொடை விழுந்தது. உள்ளே ஏதோ மளுக்கென்றது. அப்புறம் அந்தக் கால் அவனுடையதாக இல்லை.

குப்புசாமி அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தம் அண்ணன் முகத்தில் சொட்டியது. கொடுவாளின் முனை தொண்டைக்குழியில் அழுந்தியது.

"சொல்லுங்ணா."

சென்றாயன் மண்ணை அள்ளி அவன் கண்ணில் வீசினான். கையைக் கடித்தான். தம்பியின் கட்டைவிரல் நகம் அவன் வாயில் பெயர்ந்தது. குப்புசாமி கொடுவாளின் பிடியால் அவன் தாடையில் இடித்தான், பல் ஒன்று தெறித்தது. சிம் மட்டும் கன்னத்துக்குள் பத்திரமாக இருந்தது. அந்த நேரத்திலும் நாக்கால் அதைத் தள்ளி அடக்கினான் என்றால் அவனை என்னவென்று சொல்வது?

பக்கத்துக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பாப்பாயி அலறிக்கொண்டு ஓடி வந்து, குப்புசாமியின் கொடுவாள் கையில் தொங்கினாள். "அய்யோ சாமி, ஒரு உசுரு போனது பத்தாதா? உடு கண்ணு, உட்டுரு!"

அவள் கையைத் தள்ளிவிட அவன் முயலவில்லை. கொடுவாளை எறிந்தான். எழுந்து போய்ப் போர்வையும் கம்பும் கொண்டு வந்தான். அண்ணனைத் தூளி கட்டி, பின்பக்கம் பாப்பாயி பிடிக்கத் தூக்கியபோது முன்பக்கக் கம்பைத் தோளில் வைத்ததும் அவன்தான். மேட்டுக்கு வரும்வரை சென்றாயன் பன்றிபோல் கத்திக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் மெர்சி சிஸ்டர் பணியில் இருந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண், மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. காலைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "எப்படி விழுந்தீங்க?"

சென்றாயன் கண்ணைத் திறந்தான். கட்டில் தலைமாட்டில் குப்புசாமி நின்றான். முகம் வீங்கி, மூக்கு ஒரு பக்கம் கோணி, சட்டை முழுக்க இருவர் ரத்தமும் கலந்து கிடந்தது. ஓடிப்போகாமல் நின்றான். காட்டிக் கொடுத்தால் இவன் ஜெயிலுக்குப் போவான். கூடவே தானும் கோர்ட்டுக்கு அலையவேண்டும். லீவு முடியும், பாஸ்போர்ட் மாட்டும், எல்லாம் தெரியவரும். சென்றாயனின் மூளை பழையபடி வேலை செய்தது. தம்பியைக் காப்பாற்றுகிற பெருந்தன்மை மாதிரியும் இருக்கும்.

"மிளகு பறிக்க ஏறினேனுங்க. ஏணி வழுக்கிருச்சு."

சொல்லி வாய் மூடவில்லை. குப்புசாமியின் முஷ்டி அவன் அடிபட்ட தாடையில் இறங்கியது. கட்டில் நகர்ந்தது. மருந்துத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. மெர்சி வீரிட்டாள்.

"அந்தப் பொய்யை இன்னொருக்காச் சொல்லாதீங்ணா!" குப்புசாமி முதல்முறையாகக் கத்தினான். "சிஸ்டர், அவரு காலுல இருக்கறது கொடுவாள் வெட்டு. நாந்தான் வெட்டினேன். போலீஸைக் கூப்புடுங்க. என்னைப் புடிச்சுட்டுப் போகட்டும். எதுக்கு வெட்டினேன்னு கேப்பாங்க இல்ல? அப்பவாச்சும் அவ எதுக்கு ஏறினான்னு நான் சொல்லணும். ஒரு வருசமா அவளைப் பேராசை புடிச்சவன்னு பேசறாங்க. நாலு கிலோ மிளகுக்காக மழையில ஏறிச் செத்தான்னு சொல்றாங்க. எம் பொண்டாட்டியை!"

மெர்சி கையில் துணியோடு நின்றாள். "போன வருஷம் கொண்டாந்தாங்களே, அந்த அம்மாவா? மிளகு பறிக்க ஏறினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாந்தாஞ் சொன்னேன். இவரு சொல்லச் சொன்னாரு."

அவளை ஊர் என்ன சொல்லிற்று என்பது சென்றாயனுக்கு இந்த நிமிடம்வரை தெரியாது. அவன் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் சிம்தான். வெட்டுக் காலும் ஒடிந்த தொடையும் எரிந்தன; ஆனால் அதைவிட அசிங்கமாக ஒன்று உள்ளே எரிந்தது. வெட்கம் என்று அதற்குப் பேர். அது அவனுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பேச வாயெடுத்தான். சிம் நாக்கில் இடறியது. கட்டில் ஓரமாகத் துப்பினான். ரத்தக் கோழையோடு அது வெள்ளைத் துணியில் விழுந்தது.

"நம்பர் பாக்க ஏறினா, சிஸ்டர். எம் பென்ஷனுக்குப் பணம் கட்ட. நாந்தான் ஏறச் சொன்னேன். எழுதிக்குங்க." வார்த்தைகள் உடைந்த பல்லில் பட்டு வந்தன. பிறகு தம்பியைப் பார்த்தான். "நீ கேட்டியே, என்ன பேசினான்னு. புடிக்க ஆளில்லைன்னு சொன்னா. மழை வருது, மரம் ஆடுது, பயமா இருக்குதுன்னு சொன்னா."

குப்புசாமியின் உதடு அசைந்தது. "இறங்கறேன்னு சொல்லலீங்களா?"

"இறங்கட்டுங்களான்னு கேட்டா."

"நீங்க என்னங்ணா சொன்னீங்க?"

"நில்லுன்னேன்."

இன்னொரு அடி விழும் என்று சென்றாயன் கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. திறந்து பார்த்தபோது குப்புசாமி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கட்டிலின் இரும்புக் காலை இரண்டு கையாலும் இறுக்கி அணைத்து, நெற்றியை அதில் முட்டிக்கொண்டு, "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன் அத்தாயி" என்று அழுதுகொண்டிருந்தான். போலீஸ் வந்து விரல் விரலாகப் பிரிக்கும்வரை அவன் அதை விடவில்லை.